பறவைக்கு வந்த சம்பந்தி

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் உருளைக்கிழங்கு மசியலைக் கையால் பிசைந்து சாப்பிட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன செய்தி இருக்கிறது என்று தோன்றும். இங்கே ஹாலந்தில், எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர், முள்கரண்டியும் கத்தியும் பக்கத்திலேயே காத்துக்கிடக்க, ஐந்து விரலையும் தட்டில் இறக்கினால் அது செய்திதான். மாமியார் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இந்த வீட்டில் எந்த விபரீதம் நடந்தாலும் அதற்கு என் ஊர் திண்டிவனம்தான் காரணம் என்பது அவருடைய முடிவு. வழக்கமாக நான் மறுத்துப் பேசுவேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. காரணம் என் அண்ணன் ஏழுமலை. போன பங்குனியில் கழுவெளி ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்லாமல் இந்த மசியலை விளக்க முடியாது.

2

என் கணவர் வீட்டுப் பெயர்கள் எல்லாம் திண்டிவனத்தில் சிரிப்பதற்கென்றே வைத்தவை. கணவர் பெயர் பாஸ். கல்யாணமான புதிதில் நான் போனில் "பாஸ் தூங்குறாரு" என்றால், "உன் ஆபீஸ் மேனேஜரு உங்க வூட்ல ஏன் தூங்குறாரு?" என்று அண்ணன் பதறுவார். மாமனார் பெயர் விம். பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. மாமியார் பெயர் அன்னி. அண்ணன் பெண்டாட்டி தனம் எனக்கு ஏற்கெனவே அண்ணி. ஆக அன்னியும் அண்ணியும் ஒரே சமையற்கட்டில் நின்றால், கூப்பிட்ட குரலுக்கு இரண்டு பேரும் திரும்புவார்கள்.

பெயரை விடப் பெரிய அதிர்ச்சி, நான் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"ஏம்மா செல்வி, மாமனாரயா பேரு சொல்லிக் கூப்புட்ற?"

"அவருதாண்ணா அப்டி கூப்புடச் சொன்னாரு."

"அவரு சொல்வாரு. நீ கூப்புடலாமா?"

என் பெயரே இங்கே பெரிய கூத்து. கல்யாணத்தைப் பதிய நகராட்சி அலுவலகம் போனபோது அங்கிருந்த அம்மாள் என் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடும்பப் பெயர் எங்கே?" இல்லை என்றேன். "முன்னால் ஓர் எழுத்து இருக்கிறதே, அது யார்?" அப்பா என்றேன். "உங்கள் அப்பாவின் பெயர் ஒரே எழுத்தா?" என்று பரிதாபமாகக் கேட்டார். கடைசியில் என் பெயரையே குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துத் தந்தார்கள். இன்றைக்கும் அரசாங்கக் கடிதங்களில் நான் திருமதி புள்ளி செல்விதான்.

அந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. தங்கை கல்யாணம் என்று எழுதி விசா கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்புவார் என்று நம்பக் காரணம் இல்லையாம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆள் கிடைக்காமல் கிளியனூரைச் சுற்றி நாயாய் அலைகிற மனிதர், வயலை அப்படியே போட்டுவிட்டு ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்துகொள்வாராம். அண்ணன் அந்தக் கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. பேசாததுதான் எனக்கு வலித்தது.

பிறகு திண்டிவனத்தில் மண்டபம் பிடித்து வரவேற்பு வைத்தார். பாஸ் மட்டும் வந்தார். விம்மும் அன்னியும் வரவில்லை. இங்கே அது பறவைகள் புல்வெளியில் முட்டையிடுகிற பருவம். விம், வயல் வயலாகப் போய்க் கூடுகளுக்குக் காவல் இருக்கிற சங்கத்தில் உறுப்பினர். அண்ணனிடம் நான் "சீசன்ணா, வயல்ல வேலை" என்றேன். பொய் இல்லை. வேலை வயலில்தான்.

ஆனால் அண்ணன் மனசில் ஒன்று நின்றுவிட்டது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் உறவு உறுதி. அப்பா இல்லாத வீட்டில் சம்பந்தி முறை அண்ணனுக்குத்தான். வருஷா வருஷம் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதே பேச்சுதான்.

"பொண்ணு குடுத்து, அதுக்கொரு பொண்ணு பொறந்து, அதுவும் பள்ளிக்கூடம் போய்க்கினு இருக்குது. சம்பந்தி வூட்டுக்காரங்க இன்னும் நம்ப வூட்ல கை நனைக்கல. ஊர்ல கேக்கறவனுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

3

இதை நான் விம்மிடமும் அன்னியிடமும் எப்படி விளக்குவேன்? இது காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் தருகிற தேசம். தகர டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள், நீங்கள் ஒன்றை எடுப்பீர்கள், டப்பென்று மூடி விழும். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் வந்தவர் தானாக எழுந்துபோய்விட வேண்டும். இவர்களிடம் போய், "நீங்கள் வந்து சாப்பிட்டால்தான் என் அண்ணனுக்கு ஊரில் மரியாதை" என்றால், "அவ்வளவு தூரம் சாப்பிடவா?" என்பார்கள். என்றார்கள்.

கடைசியில் காரியம் சாதித்தது ஒரு பறவை. விம் உயிரையே வைத்திருப்பது அதன் மேல்தான். நீண்ட கால், அதைவிட நீண்ட மூக்கு, அந்த மூக்கைச் சேற்றில் முழுசாகச் சொருகிப் புழு தின்னும். தமிழில் கருவால் மூக்கன் என்று பெயர். விம்முடைய மூக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்று புரியும். இங்கே வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிற அந்த மூக்கன், எங்கள் கழுவெளியில் கூட்டம் கூட்டமாக நிற்பதை என் மகள் மீரா ஒருநாள் இணையத்தில் படமாகக் காட்டினாள். விம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த வாரம் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். பாஸுக்கு லீவு இல்லை. நானும் மீராவும் கூடப் போவதாக ஏற்பாடு.

வலசை வருகிற பறவையும் புலம்பெயர்ந்த நானும் ஒன்று என்று இந்த இடத்தில் நான் உருகுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பறவைக்கு விசா வேண்டாம், முதல் பெயர் வேண்டாம், புள்ளி வேண்டாம். அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் மீரா போனில் தன் மாமாவோடு பேசினாள். என் மகளின் தமிழ், வேற்றுமை உருபுகளை விமான நிலையச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பிய தமிழ். சின்ன வயதில் கதை கேட்கிற தமிழாக இருந்தது, பிறகு பதில் சொல்கிற தமிழாகி, இப்போது மாமாவோடு மட்டும் பேசுகிற தமிழாகிவிட்டது. அதனால் நான் திருத்துவதில்லை. திருத்தினால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயம்.

"தாத்தாவுக்கு இன்னா புடிக்கும் பாப்பா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். தாத்தாவை டச்சில் ஓப்பா என்பார்கள்.

"ஓப்பா பறவை பிடிக்கும்" என்றாள் மீரா.

ஒரே ஒரு 'க்கு' விழுந்துவிட்டது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. கேட்டும் சும்மா இருந்தேன்.

4

அண்ணன் வாசலில் பந்தல் போடவில்லை, அவ்வளவுதான் குறை. தெருவே வந்து நின்றது. அண்ணன் புது வேட்டி, விம் அரைக்கால் சட்டை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குலுக்கினார்கள். இருவருக்கும் அதற்கு மேல் பொது மொழி கிடையாது.

ராத்திரி தனம் அண்ணி இட்லி வைத்தார். அன்னி பையைத் திறந்து, கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது எடுத்துப்போகிற எவர்சில்வர் ஸ்பூன்களை எடுத்தார். இட்லியைக் கேக் வெட்டுவதுபோல் வெட்டிச் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அண்ணன் மட்டும் தட்டைப் பார்க்காமல் அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஸ்பூனுதான் நனைஞ்சிச்சி. கை நனையல."

"சாப்ட்டாங்கல்லண்ணா?"

"அது டிபனு. அத விடு. நாளிக்கு ஏரிக்குப் போறோம்ல, அங்க வெச்சிக்கலாம் சம்பந்தி விருந்த. இன்னா செய்யப் போறேன்னு கேக்காத. அவருக்குப் புடிச்சதாதான் இருக்கும்."

இப்படி ரகசியமாகச் சிரித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நகராட்சி அம்மாளிடம் தப்பித்து வந்தவளுக்கு அண்ணன் என்கிற அலுவலகம் எம்மாத்திரம் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

காலையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு மயில். விம் மூச்சை அடக்கிக்கொண்டு தொலைநோக்கியைத் தூக்கினார். அண்ணன் மண்ணாங்கட்டியைத் தூக்கினார்.

"திருட்டுக் கழுத! மல்லாட்டைய வெதைக்க வெதைக்க நோண்டித் தின்னுட்டுப் பூடுது. இதால ஒரே பேஜாரு. அதப் போயி இவரு கும்புட்டுகினு நிக்கிறாரு!"

5

கழுவெளிக்கு அண்ணனுடைய குட்டியானை வண்டியில் போனோம். பின்னால் சரக்கு ஏற்றுகிற இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டி, சம்பந்திகளை உட்கார வைத்தார். ஹாலந்தில் இதற்கு ஜெயிலே கிடைக்கும். அன்னி கிளியனூர் கடைத்தெரு முழுக்கக் கையசைத்துக்கொண்டே வந்தார். அண்ணி மடியில் பெரிய டிபன் கேரியர். திறக்க விடவில்லை.

பங்குனியில் ஏரி ஓரமெல்லாம் வற்றிச் சேறாகிக் கிடந்தது. அந்தச் சேற்றில் மூக்கன்கள். நான் இத்தனை வருஷம் அந்த வழியாகப் பாண்டிச்சேரிக்குப் போய் வந்திருக்கிறேன், ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. விம் முக்காலியை விரித்து, நீளமான குழாயை அதன் மேல் மாட்டி, குனிந்தார். பிறகு நிமிரவே இல்லை. ஒருவரும் பேசக்கூடாது என்று அன்னி உதட்டில் விரல் வைத்தார். அண்ணனும் போனை அணைத்துவிட்டு, கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்படியே கொஞ்சநேரம் போனது. பிறகு பறவைகளில் ஒரு பகுதி எழும்பிப் பக்கத்து நெல்வயல் ஓரம் இறங்கியது. அவ்வளவுதான். அண்ணன் இரண்டு கையையும் ஓங்கித் தட்டி, "ஹோஓஓய்!" என்று ஒரு கத்தல் கத்தினார். ஏரியே எழுந்துவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். விவசாயி புத்தி, நெல்லில் பறவை இறங்கினால் கை தானாகத் தட்டும் என்று விம்மிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். விம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கும்போது மூக்கனுக்குச் சேற்று நிறம்தான். பறந்தால்தான் இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியும். தலைக்கு மேலே அத்தனை வெள்ளைப் பட்டைகள். அவர் கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு வாட்டி எழுப்பி வுடட்டுமான்னு கேளு" என்றார் அண்ணன்.

வேப்பமரத்தடியில் பாய் விரித்து, இலை போட்டு, கேரியரைத் திறந்தோம். ஓர் அடுக்கில் வான்கோழி பிரியாணி. ஓர் அடுக்கில், மேலே எலுமிச்சைத் துண்டு வைத்து, குட்டிக் குட்டியாக ஏதோ வறுவல்.

"இது என்ன மாமா?" என்றாள் மீரா.

"காட பாப்பா. தாத்தாவுக்குன்னே சொல்லி வெச்சி வாங்கியாந்தேன்."

மீரா போனில் தேடி, டச்சில் சொன்னாள். விம்முடைய கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. காடை ஹாலந்தில் வயலில் ஒளிந்து கூவுகிற பறவை. வசந்தம் வந்தால் விம் சைக்கிளில் போய், பொழுது சாய்கிறவரை நின்று அதன் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். கண்ணால் பார்த்ததே இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக இப்போதுதான் பார்க்கிறார், மிளகாய்த்தூளோடு.

"எடுத்துக்கச் சொல்லும்மா. பறவ புடிக்கிறவரு, கவிச்சின்னா உசுரா இருப்பாருன்னுதான்..."

"யாருண்ணா பறவ புடிக்கிறவரு?"

"பாப்பாதான சொல்லிச்சி, ஓப்பா பறவ புடிக்கும்னு! சம்பந்தி பெரிய வேட்டக்காரருன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். ஃபாரஸ்ட்காரன் வந்துட்டா இன்னா பண்றதுன்னு காலைலேர்ந்து வயித்துல நெருப்பக் கட்டிகினு நிக்கிறேன். அந்தக் குழாயால எப்ப சுடுவாரு, எப்ப சுடுவாருன்னு பாத்தேன். அசையவே இல்ல. சரி, உக்காந்துகினு இருக்கறத சுட மாட்டாரு போலன்னுதான் கைய தட்டி எழுப்பி வுட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன். "அவரு பறவய புடிக்க மாட்டாருண்ணா. அவருக்கு பறவய புடிக்கும். பாப்பாரு, அவ்ளோதான்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வூட்டுக்குப் போவாரு."

அண்ணன் யோசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப இத்தப் பாக்கதான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாங்களா? எங்களப் பாக்க வரலியா?"

என் சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. தெருவே வந்து நின்றதும், புது வேட்டியும், சொல்லி வைத்து வாங்கிய காடையும் எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன. அதற்குள் மீரா கேள்வியைத் தன் தாத்தாவுக்கு டச்சில் சொல்லிவிட்டாள்.

இந்த நாட்டுக்காரர்களுக்கு உண்மையை மென்று முழுங்கத் தெரியாது. விம் அண்ணனை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார். நான் அதைத் தமிழில் எப்படி வழவழவென்று மாற்றலாம் என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே மீரா முந்திக்கொண்டாள்.

"ஓப்பா சொல்றார், நாங்க பறவைக்குத்தான் வந்தோம்."

விழக்கூடாத நேரத்தில் விழுந்த அந்த 'க்கு', வரக்கூடாத நேரத்தில் கன கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கல்யாணத்தப்ப வயல்ல வேலன்னு சொன்னியே?"

நான் ஏரியைப் பார்த்தேன். "அதுவும் பறவதாண்ணா."

மீராவின் முகம் சிவந்துவிட்டது. இனி இவள் தமிழில் வாயே திறக்க மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதுவரை பேசாமல் இருந்த தனம் அண்ணிதான் சட்டென்று சொன்னார்.

"ஏங்க, சோறு ஆறுது. உங்களப் பாக்கதான் வந்தோம்னு பொய் சொல்லிட்டு, தின்னுட்டுப் போய் பொறணி பேசுறவங்க எத்தினி பேருக்கு எல போட்டிருக்கோம்! நெசத்தச் சொல்ற மனுசனுக்குப் போட மாட்டீங்களா?"

அண்ணன் எழுந்தார். காடை இருந்த அடுக்கை மூடி ஓரமாக வைத்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு விம்மிடம் போனார். அவர் கையிலிருந்த ஸ்பூனை மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு செம்பைச் சாய்த்து நின்றார்.

"ஓப்பா, கை" என்றாள் மீரா, தமிழிலேயே.

விம் இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் தண்ணீர் ஊற்றினார். வான்கோழியை விம் எந்த வயலிலும் தேடி அலைந்ததில்லை, அதனால் அதில் மனக்கஷ்டம் இல்லை. பிரியாணிக்குள் கையை விட்டார். பாதி சோறு வாய்க்குப் போனது, மீதி அரைக்கால் சட்டைக்குப் போனது, எண்ணெய் மணிக்கட்டைத் தாண்டி ஓடியது. கறி சாப்பிடாத அன்னி, தயிர்ச் சோற்றில் இரண்டு விரலை மட்டும் இறக்கினார். அண்ணன் குனிந்து இரண்டு பேர் கையையும், நகராட்சி அம்மாள் என் சான்றிதழைப் பார்த்ததுபோலவே, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்பந்திக்கு முழங்கை வரைக்கும் நனைஞ்சிடுச்சி. சம்பந்தியம்மாவுக்கு ரெண்டு வெரலு. பரவால்ல. செல்லும்."

6

மசியலுக்கு வருவோம். போன ஞாயிற்றுக்கிழமை விம் அதைக் கையால் சாப்பிட்டதற்குக் காரணம் கேட்டபோது, "இன்று ஏழுமலையோடு பேச வேண்டும், அதற்குத் தயாராகிறேன்" என்றார். அண்ணனுக்கு மறுபடி விசா கேட்கப் போகிறோம். இந்த முறை அழைப்புக் கடிதம் விம்முடையது.

காபி வந்தது. பிஸ்கட் டப்பா வந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்தோம், மூடி விழுந்தது. மேசை மேல் போனை நிற்க வைத்து அண்ணனைக் கூப்பிட்டோம். நான் விண்ணப்பத்தைத் திறந்தேன்.

"எதுக்கு வர்றேன்னு கேட்டிருக்காண்ணா. தங்கச்சிய பாக்கன்னு போடட்டா?"

"தங்கச்சி கல்யாணம்னு போட்டுதான போன வாட்டி இல்லன்னுட்டான்? பறவ பாக்கன்னு போடு. சம்பந்தி எப்டி வந்தாரோ அப்டியே நானும் வர்றேன். பறவைக்கு."

"உனக்கு இன்னாத்துக்குண்ணா பறவ? மயிலப் பாத்தாலே பத்திகினு வருது உனக்கு."

"அவரு பறவய நான் பாத்துட்டுப் போறேன், உனக்கு இன்னா?" என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் இன்னும் அங்க கை நனைக்கலியேம்மா. வந்தா சோறு போடுவாங்கல்ல?"

நான் மொழிபெயர்க்கவில்லை. மீரா சொன்னாள், ஒரு சொல்லும் விடாமல்.

விம் மசியல் ஒட்டியிருந்த கையைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அன்னி பிஸ்கட் டப்பாவை இழுத்து, மூடியைக் கழற்றி, போனுக்கு முன்னால் திறந்து வைத்தார். அண்ணன் பேசி முடித்து வைத்த பிறகும் அது திறந்தே இருந்தது.